முடிந்துவிடக் கூடாத கார்

அந்தச் சனிக்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு டெஸ்மண்ட் ஆல்சப்பின் தலையில் பேரிடி விழுந்தது. ஒன்பது வருஷமாக அவர் காரேஜுக்குள் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்த கார், சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட்டது.

முக்கி முனகிக்கொண்டு கிளம்பியிருந்தாலும் மன்னித்திருப்பார். அது பெல்ப்பர் ஊரில் மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி உறுமியது. அலமாரியில் இருந்த பெயிண்ட் டப்பாக்கள் கைகோத்து ஆடின. எதிர்வீட்டுப் பூனை அன்றைக்கு ஓடியது, அடுத்த புதன்கிழமைதான் ஊர் திரும்பியது. டெஸ்மண்ட் சாவியைப் பிடுங்கிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

வேறு ஆளாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பான். சின்ன வேலையா அது? பெட்டி பெட்டியாக வந்த இரும்புக் குழாயையும் தகரத்தையும் பூட்டி ஒரு கார் கட்ட வேண்டும். அதற்கென்று சொன்ன எஞ்சினை வைத்தால் கௌரவக் குறைச்சல் என்று, மரத்தில் மோதி நசுங்கிய ஒரு ஜப்பான் காரின் எஞ்சினைப் பிடுங்கி அதில் உட்கார வைத்திருந்தார். கழுதைக்கு ஒட்டகத்தின் இதயத்தை வைத்துத் தைத்த மாதிரி வேலை. ஒரு ஒயர் சேர்ந்தால் இன்னொன்று சேராது. சேராமலே இருக்கும் என்று நம்பித்தான் அவர் நிம்மதியாக இருந்தார்.

ஏனென்றால், அந்தக் காரேஜில் கார் மட்டுமா இருந்தது? ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. காலடியில் மின்சாரக் கணப்பு இருந்தது. கிரிக்கெட் வர்ணனை சொல்லும் ரேடியோ இருந்தது. 'பிரேக் பாகங்கள்' என்று சீட்டு ஒட்டிய டப்பாவில் பிஸ்கட் இருந்தது. ஒரு மணி நேரம் ஸ்பானர் பிடித்தால் மூன்று மணி நேரம் சாய்ந்திருப்பார். படுக்கையறைக்கு வெள்ளையடிக்கச் சொன்னால் "கார் முடியட்டும்". தோட்டத்து வேலியைச் சரிபார்க்கச் சொன்னால் "கார் முடியட்டும்". அவர் மனைவி கிளெண்டா ஏழு வருஷம் பொறுத்தாள். எட்டாம் வருஷம் ஒரு சத்தியம் வாங்கினாள். கார் என்றைக்கு அரசாங்கச் சோதனையில் தேறுகிறதோ அன்றைக்குக் காரேஜ் சாவி அவள் கைக்கு வர வேண்டும். மறுநாளே இருவரும் ஆறு வாரம் மேவிஸ் வீட்டுக்குப் போக வேண்டும்.

மேவிஸ் கிளெண்டாவின் அக்கா. மேபிள்தார்ப் கடற்கரையில் சக்கரம் கழற்றிய ஒரு வண்டிவீட்டில் குடியிருந்தாள். அவளுக்கு மூன்று ஆபரேஷன் நடந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் டாக்டர் செய்ததைவிட நிதானமாகச் செய்து காட்டுவாள். ஆறு வாரம்! டெஸ்மண்டின் கண் முன்னால் மேவிஸின் பித்தப்பை ஊஞ்சல் ஆடியது.

கடைக்குப் போயிருந்த கிளெண்டா நனைந்த குடையோடு உள்ளே வந்தாள்.

"என்ன வாத்தே, மூஞ்சி வெளுத்துக் கிடக்கு?"

அந்தப் பக்கத்தில் பாசமோ கோபமோ, ஆணோ பெண்ணோ, எல்லாரும் எல்லாருக்கும் வாத்துதான். எந்த வாத்து கொஞ்சல், எந்த வாத்து கத்தி என்பது குரலில்தான் தெரியும்.

"ஒண்ணுமில்ல. இன்னிக்கும் எஞ்சின் கிளம்பல. அதான் வருத்தம்."

"அப்படியா? கறிக்கடை வாசல்ல நிக்கறேன், என்னமோ உறுமின சத்தம் கேட்டுதே?"

"அது... பக்கத்து வீட்டு வில்ஃப். புல்லு வெட்டினான்."

"கொட்டற மழையிலயா?"

"அவன் ஒரு மாதிரி ஆளு."

"ஆமா, இந்தத் தெருவுல ஒரு மாதிரி ஆளு ஜாஸ்தி." கிளெண்டா குடையை உதறினாள். "நான் சோதனைக்குத் தேதி வாங்கிட்டேன். நாட்டிங்ஹாம்ல, மார்ச் பதிமூணு."

"தேதியா? வண்டியே கிளம்பலையே!"

"இன்னும் மூணு வாரம் இருக்கே. ஒன்பது வருஷம் பண்ணின மனுஷனுக்கு மூணு வாரம் பெரிசா?"

இந்தக் கேள்வியில் ஏதோ உள்குத்து இருக்கிறதா என்று டெஸ்மண்ட் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் முட்டைக்கோஸை நறுக்கிக்கொண்டிருந்தாள். முட்டைக்கோஸ் நறுக்குகிற முகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

அன்றே அவர் போர் தொடங்கினார். பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இனி குட்டிக்கரணம் அடித்தாலும் வண்டி கிளம்பாது. நிம்மதியாகச் சாப்பிட்டார். வழக்கம்போல இரண்டு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்தார். அந்த மதியத் தூக்கத்தை அவர் குண்டு விழுந்தாலும் விட்டதில்லை.

திங்கட்கிழமை காலையில் சும்மா எட்டிப் பார்த்தார். ஃபியூஸ் இருந்த இடத்தில் ஃபியூஸ் இருந்தது. புத்தம் புதுசு. சிவப்பாகச் சிரித்தது.

சட்டைப்பையைத் தடவினார். அங்கேயும் ஃபியூஸ் இருந்தது.

முதலில் தன் மூளையைச் சந்தேகித்தார். பிறகு தன் கண்ணை. இரண்டுக்கும் நற்சான்று கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டைச் சந்தேகிக்கத் தொடங்கினார். வில்ஃப் கிரெஸ்வெல் இருபது வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கார் கட்டி, முதல் சோதனையிலேயே தேறியவன். அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கழிவறையில் மாட்டியிருக்கிறான். வருகிறவர்கள் உட்கார்ந்து படிக்கட்டும் என்று. நல்லது செய்கிற மாதிரி கெட்டது செய்யக்கூடிய ஆள்.

டெஸ்மண்ட் புதர்வேலிக்கு மேல் தலையை நீட்டினார்.

"வில்ஃப், நீ என் காரேஜ் பக்கம் வந்தியா?"

"நான் எதுக்கு வரேன்?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கற ஆளா நீ? என்ன காணாமப் போச்சு?"

"ஒண்ணும் போகல."

"போகலையா? பின்ன எதுக்கு என்னைத் திருடன் மாதிரி பாக்கற?"

"போகாததாலதான் பாக்கறேன்."

வில்ஃப் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தான். "டெஸ், மேவிஸ் வீட்டுக்குப் போற விஷயம் உன் தலைக்கு ஏறிடுச்சு. போய் ஒரு டீ குடிச்சிட்டுப் படு. அப்புறம் ஒண்ணு, நான் மழையில புல்லு வெட்டறேன்னு யார்கிட்ட சொன்ன? ரொட்டிக்கடைக்காரம்மா என்னைப் பாத்து உச்சுக் கொட்டறா."

அவ்வளவு கோபமாகப் பேசுகிறவன் குற்றவாளியாகத்தான் இருக்க வேண்டும் என்று டெஸ்மண்ட் முடிவு கட்டினார்.

இரண்டாவது தாக்குதல் பலமாக இருந்தது. எஞ்சின் மாற்றிய கார்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு வியாதி உண்டு: எர்த் ஒயர். எஞ்சினையும் வண்டிச் சட்டத்தையும் சேர்த்துக் கட்டுகிற அந்தத் தடித்த ஒயர் சரியாகப் பிடிக்காவிட்டால் ஆயிரம் கோளாறு வரும், ஒன்றுக்கும் காரணம் தெரியாது. கை நுழையாத இடத்தில் கையை நுழைத்து, அந்த போல்ட்டை அரைத் திருகு தளர்த்தினார். எந்தக் கில்லாடிக்கும் கண்டுபிடிக்க ஒரு மாசம் ஆகும். பிறகு சமையலறையிலிருந்து மைதா மாவை எடுத்துவந்து காரேஜ் தரை முழுக்கத் தூவினார். எவன் வந்தாலும் காலடி பதியும். வில்ஃபின் இடது பூட்ஸில் குதிகால் தேய்ந்திருப்பதை ஏற்கெனவே வேலி வழியாகப் பார்த்து வைத்திருந்தார்.

மறுநாள் பார்த்தால் காலடி இல்லை. மாவும் இல்லை. தரையைக் கூட்டித் துடைத்து, ஈரம்கூடக் காய்ந்திருந்தது. எர்த் போல்ட் மலைப்பாம்புப் பிடியாக இறுகி, மேலே கிரீஸ் வேறு தடவியிருந்தது. அதோடு முடியவில்லை. அதற்குத் துணையாக இன்னொரு எர்த் ஒயரும் புதிதாக முளைத்திருந்தது!

இது எப்பேர்ப்பட்ட களவு! பூட்டை உடைக்காமல் வருகிறான், ஒன்றையும் எடுக்காமல் போகிறான், வந்ததற்கு அடையாளமாக வண்டியைச் சீர்படுத்திவிட்டுப் போகிறான். போலீசில் என்னவென்று சொல்வது? "ஐயா, எவனோ என் காரை ரிப்பேர் பண்ணிவிட்டான், பிடித்து உள்ளே போடுங்கள்" என்றா? திருடனுக்குத் தேள் கொட்டினால் வாயைப் பொத்திக்கொண்டு அழ வேண்டியதுதான்.

பொத்த முடியாமல் மெதுவாகக் கிளெண்டாவிடம் ஆரம்பித்தார்.

"நம்ம காரேஜுக்குள்ள யாரோ வந்து போறாங்க."

"ஐயையோ! என்ன எடுத்தாங்க?"

"எடுக்கல."

"எதையாவது உடைச்சாங்களா?"

"உடைக்கவும் இல்ல."

"பின்ன யாரோ வந்தாங்கன்னு எப்படித் தெரியும்?"

டெஸ்மண்ட் ஜன்னல் வழியாக வில்ஃபின் வீட்டை முறைத்தார்.

"வயசாச்சுன்னா இப்படித்தான் தோணும், வாத்தே," என்றாள் கிளெண்டா. "எங்கப்பா கடைசிக் காலத்துல கோழிக்கூண்டுல பிஷப் ஒளிஞ்சிருக்கார்னு சொல்லிட்டே இருந்தார். ஆமா, நம்ம மைதா மாவு என்னாச்சு? பாதிப் பொட்டலத்தைக் காணோம்."

"அதையும் அவன்தான் எடுத்திருப்பான்."

"இப்பதான் எதையும் எடுக்கலேன்ன?"

இந்த இடத்திலாவது அவருக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. சந்தேகப்படுகிறவனுக்கு ஊர் முழுக்கக் கண் இருக்கும், வீட்டுக்குள் மட்டும் பார்வை கிடையாது. பால்காரனைச் சந்தேகித்தார். தபால்காரியைச் சந்தேகித்தார். வில்ஃபின் நாயைக்கூட இரண்டு நாள் பின்தொடர்ந்தார். அவர் சென்சார் கம்பியைக் கழற்றினால் அது ஒட்டிக்கொண்டது. பெட்ரோல் குழாயை நசுக்கினால் அது நிமிர்ந்துகொண்டது. ஒன்பது வருஷத்தில் நடக்காத வேலை மூன்று வாரத்தில் நடந்தது. எதிரி ஓயவில்லை. பதிமூன்றாம் தேதியும் வந்தே விட்டது.

அன்று காலை ஆறு மணிக்கு டெஸ்மண்ட் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். பிளக் ஒயர் இரண்டை இடம் மாற்றிச் செருகினார். சவரம் செய்ய உள்ளே போனார். திரும்பி வந்தபோது கிளெண்டா தலையில் துணி கட்டிக்கொண்டு, மடியில் சீஸ் சாண்ட்விச் பொட்டலத்தோடு காருக்குள் உட்கார்ந்திருந்தாள்.

"கிளப்பு."

"கிளம்பாதுன்னு நினைக்கறேன். பாரு, நீயே பாரு..." என்று சோகமாகச் சாவியைத் திருப்பினார். கார் தேன் குடித்த வண்டு மாதிரி ரீங்கரித்தது.

"கிளம்பிடுச்சே!" என்றாள் கிளெண்டா. "உனக்கு எவ்ளோ சந்தோஷமா இருக்கும்! கண்ணுல தண்ணி நிக்குது பாரு."

பதினேழு மைல். காருக்குக் கூரை கிடையாது. அந்த ஊரில் மழைக்கு ஓய்வு கிடையாது. சோதனை நிலையத்தில் இறங்கியபோது டெஸ்மண்டின் காதிலிருந்து தண்ணீர் வடிந்தது. ஆனால் மனசில் ஒரு சின்னத் திரி எரிந்துகொண்டிருந்தது. வண்டி ஓடினால் போதாது. வெளியே ஒரு கூர்முனை துருத்தக் கூடாது. ஒரு நட்டின் விளிம்பு விரலைக் கீறினால்கூட பெயில்தான். அதனால் கார் கட்டுகிறவர்கள் சோதனை நாளில் நட்டுக்கெல்லாம் ரப்பர் தொப்பி மாட்டுவார்கள். தேறிய மறுநிமிஷம் பிடுங்கி அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். டெஸ்மண்ட் முன்விளக்கைத் துடைக்கிற சாக்கில் ஒரு தொப்பியைக் கழற்றி வாயில் போட்டுக்கொண்டார்.

சோதனை அதிகாரி ஓக்டன் ஒல்லியான மனிதர். கையில் கூர்முனை தட்டுகிறதா என்று உருட்டிப் பார்க்க ஒரு உருண்டை, ஒரு விளக்கு, முகத்தில் நிரந்தரமான ஏமாற்றம். வண்டியைச் சுற்றி வந்து உருண்டையை உருட்டினார், தடவினார், குனிந்தார், முகர்ந்தார்.

"நல்லா இருக்கு," என்றார்.

"முன்விளக்குப் பக்கம் பாத்தீங்களா சார்?" என்றார் டெஸ்மண்ட். வாயில் ரப்பர் இருந்ததால் 'ழார்' என்று வந்தது.

"பாத்தாச்சு."

"இடது பக்கம்?"

"அதுவும் சரியா இருக்கு."

டெஸ்மண்ட் ஓடிப்போய்ப் பார்த்தார். நட்டின் தலையில் புதுத் தொப்பி. திரும்பினார். கிளெண்டா பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பை மெதுவாக மூடிக்கொண்டிருந்தாள். அந்த ஜிப் மூடிய சத்தத்தில்தான் மூன்று வாரத்துச் சந்தேகமும் ஊரையெல்லாம் சுற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பியது. வாயிலிருந்த தொப்பியை விழுங்கிவிட்டார்.

"சார், இன்னொரு தடவை நல்லாப் பாருங்க. ஒரு வண்டின்னா ஏதாவது குறை இருக்கும். மனசாட்சியோட தேடுங்க."

ஓக்டன் விளக்கை அணைத்தார். "இந்த வேலைல முப்பது வருஷம் ஆச்சு. பெயிலாக்கச் சொல்லிக் கெஞ்சின முதல் ஆளு நீங்கதான். எனக்கு சந்தேகமா இருக்கு. இந்த வண்டியை உண்மையிலேயே கட்டினது யாரு?"

"நான்தான்!"

"எர்த் ஒயர் எங்க கட்டியிருக்கீங்க?"

"எஞ்சினுக்குப் பின்னால. ஒண்ணு."

"ரெண்டு இருக்கே?"

பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"ரெண்டாவது கியர் பெட்டிலேர்ந்து சட்டத்துக்குப் போகுதுங்க. ஒண்ணு போதாது, ஸ்டார்ட்டர் இழுக்கறப்ப திணறுது. அடியில பெயிண்ட்டைச் சுரண்டிட்டுத்தான் போட்டேன். பெயிண்ட்டு மேல போட்டா எப்படிப் பிடிக்கும், சொல்லுங்க?"

"போட்டீங்களா? நீங்களா?"

"சாக்ஸ் ஆலைல இருபத்தெட்டு வருஷம் பின்னல் மெஷின் ரிப்பேர் பாத்தேங்க. ஒரு மெஷினுக்கு ரெண்டாயிரம் ஊசி. இதுல நாலே நாலு பிளக்குதானே?"

இருபத்தெட்டு வருஷமும் தன் மனைவி அங்கே ஏதோ தையல் வேலை செய்கிறாள் என்றே டெஸ்மண்ட் நினைத்துக்கொண்டிருந்தார். கேட்டதில்லை. அவளும் கார் முடியட்டும் என்று காத்திருந்தாளோ என்னவோ.

"புருஷன் கட்டினாரு, பெண்டாட்டி திருத்தினாங்க. குடும்பம்னா அப்படித்தான்," என்று சொல்லி ஓக்டன் முத்திரை குத்தினார். அவர் முகத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஏமாற்றம் குறைந்தது.

திரும்பி வருகிற வழியெல்லாம் மழை.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றார் டெஸ்மண்ட்.

"அந்தச் சனிக்கிழமையே. ரிப்பேர் பண்ற மனுஷனுக்கு நகத்துல கரி இருக்கும். அன்னிலேர்ந்து உன் கை பாதிரியார் கை மாதிரி இருந்துது."

"மாவு?"

"உள்ள காலை வைக்கறதுக்கு முன்னாடியே கூட்டிட்டேன். நீ தூங்கற ரெண்டு மணி நேரம் எனக்கு எவ்ளோ வசதி தெரியுமா? இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்ட."

"சரி," என்றார் டெஸ்மண்ட். தோற்ற மனிதனின் பெருந்தன்மை அவருக்கு வந்திருந்தது. "சத்தியம் சத்தியம்தான்." ஈரக் கையால் காரேஜ் சாவியை எடுத்துக் கொடுத்தார். "நாளைக்கே மேவிஸ் வீட்டுக்குக் கிளம்பலாம்."

"போக வேண்டாம், வாத்தே."

"என்னது?"

"யோசிச்சுப் பாத்தேன். நாம அங்க போக வேண்டாம்."

டெஸ்மண்டுக்கு ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. நாற்பது வருஷத்தில் அவள் இவ்வளவு அழகாக இருந்ததில்லை. மூக்கு நுனியில் தொங்கிய மழைத்துளிகூட வைரமாகத் தெரிந்தது.

"மேவிஸ் இங்க வரா," என்றாள் கிளெண்டா. "அவ வீட்டுக் கூரை ஒழுகுதாம். சரிபண்ண ஆறு வாரம் ஆகும். எட்டுகூட ஆகலாம்."

வைரம் மறுபடி மழைத்துளியாகிவிட்டது. "பரவாயில்ல," என்று சமாளித்தார். "அக்காவும் தங்கையும் பேசிட்டிருங்க, நான் ஒரு ஓரமா..."

"நான் எங்க பேசறது? எனக்கு வேலை இருக்கு."

வேலை புதன்கிழமை லாரியில் வந்து இறங்கியது. எட்டுப் பெட்டி இரும்புக் குழாய், தகரம், நசுங்கிய இன்னொரு காரிலிருந்து பிடுங்கிய எஞ்சின். எல்லாப் பெட்டியிலும் 'திருமதி கி. ஆல்சப்' என்று எழுதியிருந்தது. மூன்று வாரம் டெஸ்மண்ட் தூங்கிய நேரத்தில் அந்தச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். கணப்பைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். பிஸ்கட்டைத் தின்று பார்த்திருக்கிறாள். ஒன்பது வருஷமாக வீட்டிலேயே நல்ல அறையை இவன் ஒருத்தனே அனுபவித்திருக்கிறானே என்று அவளுக்கு வயிறு எரிந்திருக்கிறது.

காரேஜ் கதவு உள்ளேயிருந்து சாத்தப்பட்டது. வெளியே தேறிய கார் தார்ப்பாய்க்குள் நனைந்தது. கூடத்தில் டெஸ்மண்ட் மேவிஸுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். முதல் வாரம் பித்தப்பை. இரண்டாம் வாரம் முழங்கால். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சன்னமாகக் கிரிக்கெட் வர்ணனை கேட்டது. இரண்டு முறை போய்க் கதவைத் தட்டினார். "ஏதாவது தூக்கணுமா?" என்றார். "ஸ்பானர் எடுத்துத் தரட்டுமா?" என்றார். உள்ளே பிஸ்கட் கடிபடுகிற சத்தம்தான் பதிலாக வந்தது. அவள் ஏதோ சதி செய்கிறாள், வேலையே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்குப் பலத்த சந்தேகம். அதை யாரிடம் சொல்வது?

மூன்றாம் வாரம், மேவிஸ் ஆபரேஷன் கதையில் தையல் பிரித்துக்கொண்டிருந்த கட்டத்தில், காரேஜ் கதவு திறந்தது.

"டெஸ்மண்ட்! கொஞ்சம் உள்ள வா. நீ இல்லாம முடியாது."

மனிதர் நாற்காலியோடு எழுந்தார். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு, மேவிஸின் காலைத் தாண்டி, முப்பது வயசுக்காரன் மாதிரி ஓடினார். கிளெண்டா எண்ணெய்க் கையோடு எஞ்சின் பக்கத்தில் நின்றிருந்தாள். டெஸ்மண்ட் ஆசையோடு இரண்டு கையையும் நீட்டினார். அதில் ஒரு கேமராவை வைத்தாள்.

"இந்த வண்டியை நானேதான் கட்டினேன்னு அரசாங்கத்துக்குப் படம் அனுப்பணுமாம். நான் ஸ்பானர் பிடிக்கற மாதிரி ஒரு நாலு எடு. உன் நிழல்கூட உள்ள விழாம பாத்துக்க, வாத்தே, அப்புறம் யாரோ ஆம்பளை ஒத்தாசை பண்ணினான்னு ஓக்டனுக்கு சந்தேகம் வந்துடும். எடுத்துட்டுக் கதவைச் சாத்திட்டுப் போ, மேவிஸ் கூப்பிடறா."